எறியும் குழலும் ஏற்றும் மின்னும்

தீவக மக்களுக்குப் புகையிலை புதிதன்று. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கடல்வழி சென்றது. பின்னாளில் சுருட்டுக் கைத்தொழில் பல குடும்பங்களுக்குச் சோறளித்தது. சுருட்டு விளைக்கும் தீமை பெரிதே. ஆயினும் புகைத்தபின் எஞ்சுவது சாம்பலும் இலைத்துண்டுமே. மண் அவற்றைத் தின்றுவிடும். இன்றோ, அதே புகையிலையின் நிக்கொட்டின் என்னும் நஞ்சு, பழவாசனை வீசும் வண்ணக் குழலொன்றிற் புகுந்து இளைஞர் கைக்கு வந்துள்ளது. 'வேப்' என்பது அதன் பெயர். ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்கென்றே செய்யப்படும் வகையும் அதில் உண்டு.

மண்டைதீவுக்கு விடுமுறையில் வந்த உறவினர் ஒருவர் அத்தகைய குழலை விட்டுச் சென்றார் என்று கொள்வோம். கைவேலையில் விருப்பமுள்ள சிறுவன் அதனைக் கண்டெடுக்கின்றான். தொலைபேசி மின்னேற்றியும் இரண்டு கம்பித் துண்டுகளும் அவனிடம் உள. அவன் அதற்கு மின்னேற்றலாமா?

குழலினுள் மூன்று உறுப்புகள் உள. ஒன்று மின்கலம், மற்றொன்று திரியும் அதனைச் சூடாக்கும் கம்பிச்சுருளும், மூன்றாவது நிக்கொட்டின் கலந்த திரவம். மின்கலம் தொலைபேசியில் உள்ளது போன்ற இலிதியம்-அயன் வகையினது. மீண்டும் மீண்டும் மின்னேற்கும் இயல்பினது. எறியப்படும் குழல்களின் கலங்கள் நூற்றுக்கணக்கான முறை மின்னேற்கவல்லன என்பதை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியையும் ஒக்ஸ்போர்ட்டையும் சேர்ந்த ஆய்வாளர் 2023ஆம் ஆண்டிற் காட்டினர். இத்தகைய பொருளை ஒருமுறையோடு எறிவது பெரும் விரயமே.

ஆயினும், கலத்தின் இயல்பு வேறு. கருவியின் அமைப்பு வேறு. இக்கலம் தாங்கும் உச்ச அளவு ஏறத்தாழ 4.2 உவோற்று, தொலைபேசி மின்னேற்றி தருவதோ 5 உவோற்று. இடையில் நின்று அளவறிந்து நிறுத்தும் மின்சுற்று, மின்னேற்றும் துளையில்லாக் குழலில் இல்லை. அளவு மீறினால் கலம் சூடேறும். அச்சூடே மேலும் சூட்டைப் பிறப்பிக்கும். ஈற்றில் கலம் வெடித்துத் தீப்பற்றும். அத்தீயை அணைத்தல் எளிதன்று.

சில குழல்களில் துளை உண்டு. திரவம் தீருமுன் கலம் ஓய்ந்துவிடுவதே அதற்குக் காரணம். திரவம் தீர்ந்தபின் மின்னேற்றுவதால் வறண்ட திரி கருகுமேயன்றி வேறு பயனில்லை. மின்னேற்றல், திரவம் நிரப்பல் ஆகிய இரண்டில் ஒன்று இயலாததாயினும் அது ஒருமுறைக் கருவியே எனக் கொண்டு, பிரித்தானியா 2025 யூன் 1 முதல் அவற்றின் விற்பனையைத் தடுத்தது. இந்தியா 2019இலேயே எல்லா மின்சிகரெட்டுகளையும் தடைசெய்துவிட்டது.

அப்படியாயின் அதனை எங்கே போடுவது? எரித்தல் ஆகாது, வெடிக்கும். புதைத்தலும் ஆகாது. தீவின் நன்னீர், மழையால் ஊறி, உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதப்பது. கிணற்றுக்கு வேறு ஊற்றில்லை. புதைத்த கலம் துருப்பிடித்துக் கசியுமாயின் அந்நீரையே மாசுபடுத்தும். ஆகவே கொண்டுவந்தவரே கைப்பையில் திரும்ப எடுத்துச் செல்லல் நன்று. பிரித்தானியாவில் வேப் விற்கும் கடைகள் பழையவற்றை ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவை.

சிறுவனின் ஆர்வத்தைக் கடிந்து அணைத்துவிட வேண்டியதில்லை. முறையான மின்சுற்றுடைய சூரிய ஒளி விளக்கொன்றை அவனிடம் கொடுத்து, அது எவ்வாறு மின்னேற்கின்றது என்று ஆராயச் செய்யலாம். குழலை மட்டும் அவன் கைக்கு எட்டாது வைத்தல் பெரியோர் கடன்.