தேனி உடையாம தெரியணும்: பழைய லேப்டாப்பில் டைலிங் விண்டோ மேனேஜர்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிப்புக்காகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு டைலிங் விண்டோ மேனேஜர் பத்திப் பேசப் போறேன். ஸ்க்ரீன்ஷாட் பார்த்திருப்பீங்க. கறுப்புப் பின்னணி, மூணு நாலு கட்டம், ஓரத்துல பச்சைக் கலர்ல ஏதோ ஓடிட்டு இருக்கும், மவுஸ் இருக்கிற மாதிரியே தெரியாது. பார்த்தா சினிமா ஹேக்கர் வீடு மாதிரி இருக்கும். அந்த அழகு பத்தி யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. நான் பேசப் போறது வேற: பழைய லேப்டாப், தேனி மாவட்டம், தமிழ் எழுத்து. இந்த மூணும் ஒரே இடத்துல சந்திக்கிறப்போ என்ன நடக்குதுங்கிறதுதான் விஷயம்.

பீரோ மேல இருக்கிற லேப்டாப்

2011 செப்டம்பர் 15 அன்னைக்கு தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்குச்சு. எல்காட் மூலமா வாங்கி, பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தாங்க. ஆரம்ப வருஷங்கள்ல வந்த மெஷின்கள்ல 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணா ரெண்டு ஓஎஸ்ல ஒன்னைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்னு விண்டோஸ் 7. இன்னொன்னு பாஸ் லினக்ஸ், அதாவது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையா வெச்சு உருவாக்கின நம்ம நாட்டு லினக்ஸ். எங்க பக்கம் எனக்குத் தெரிஞ்ச வீடுகள்ல அந்த ரெண்டாவது வரியை யாரும் தொடவே இல்லை. லினக்ஸ் வீட்டுக்குள்ள வந்தது, ஆனா யாரும் வான்னு கூப்பிடல.

2020 ஜனவரியோட விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் கொடுக்கிறதை நிறுத்திடுச்சு. புது விண்டோஸ் அந்த ரேமுக்குத் தாங்காது. இப்போதைய க்னோம், கேடிஇ மாதிரியான முழு டெஸ்க்டாப்பும் 2 ஜிபில மூச்சு வாங்கும். அதனால கம்பத்துலயும் சின்னமனூர்லயும் உத்தமபாளையத்துலயும் நிறைய வீடுகள்ல அந்த லேப்டாப் பையோட பீரோ மேல தூங்குது. கெட்டுப்போகல, கனம்தான் தாங்க முடியல. கனத்தைக் குறைச்சா எழுந்து ஓடும். விண்டோ மேனேஜர் பேச்சு எனக்கு முக்கியமா தெரியறது அதனாலதான்.

டைலிங்னா என்ன?

நாம பழகின டெஸ்க்டாப்ல ஜன்னல்கள் ஒன்னு மேல ஒன்னு கிடக்கும். மேஜை மேல காகிதத்தைப் போட்ட மாதிரி. அடியில இருக்கிறதை எடுக்க மேல இருக்கிறதை நகர்த்தணும். டைலிங்ல அது கிடையாது. பெரியாறு தண்ணி பாயுற வயலைப் பாருங்க. ஒரு பாத்தி மேல இன்னொரு பாத்தி ஏறாது, நடுவுல வரப்பு இருக்கும், நிலம் மொத்தமும் பயன்படும். திரையும் அப்படித்தான். முதல் ஜன்னலைத் திறந்தா முழுத் திரையும் அதுக்கு. ரெண்டாவது வந்தா ஆளுக்குப் பாதி.

இது புதுசும் இல்லை. 1981-ல வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கம்ப்யூட்டர்லயே ஜன்னல்கள் ஓடு பதிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துலதான் இருந்துச்சு. 1985-ல வந்த விண்டோஸ் 1.0-வும் அப்படித்தான்.

இன்னைக்கு லினக்ஸ்ல ரெண்டு பேரு அடிக்கடி காதுல விழும். ஒன்னு டிடபிள்யூஎம். 2006-ல வந்தது. மொத்த நிரலும் 2000 வரிக்குள்ள அடங்கணும்னு அதை எழுதினவங்க வெச்ச வைராக்கியம். இதுக்குத் தனியா செட்டிங்ஸ் ஃபைல் கிடையாது. கலரை மாத்தணும்னாக்கூட சி மொழியில இருக்கிற ஒரு ஹெட்டர் ஃபைலைத் திருத்தி, மறுபடி கம்பைல் பண்ணணும். இப்படி இருக்கிறதால பயன்படுத்துறவங்க கூட்டம் சின்னதாவும் தேர்ந்தவங்களாவும் இருக்கும்னு அவங்க வலைத்தளத்துலயே பெருமையா எழுதி வெச்சிருக்காங்க.

இன்னொன்னு ஐ3. 2009-ல மைக்கேல் ஸ்டாப்பல்பெர்க் தொடங்கினது. இதுக்கு ஒரே ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போதும். திருத்தி, விண்டோஸ் கீ, ஷிஃப்ட், ஆர் மூணையும் சேர்த்து அழுத்தினா திறந்திருக்கிற ஜன்னல் எதுவும் மூடாம புது அமைப்பு வந்துடும்.

மேல மட்டும் ஏன் சிதறுது?

என் சித்தி பொண்ணு டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கிறா. அவ அண்ணனுக்கு வந்த அரசு லேப்டாப்பை எடுத்து, வீடியோ பார்த்து, தானே டெபியன் போட்டு, டிடபிள்யூஎம்-மையும் கம்பைல் பண்ணிட்டா. இடது பக்கம் சமச்சீர் பாடப்புத்தக பிடிஎஃப், வலது பக்கம் குறிப்பு எழுதுற ஃபைல். டைலிங்குக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. ஒரு நாள் போன் பண்ணா.

“அண்ணே, ஃபைலுக்குள்ள தமிழ் நல்லாத்தான் இருக்கு. மேல பட்டையில மட்டும் எழுத்து சிதறிக் கிடக்குதே, ஏன்?”

போட்டோ அனுப்பினா. ஃபைல் பேரு ‘பொது அறிவு’. பட்டையில ‘பொ’ என்கிற எழுத்தே இல்லை. ‘ப’ தனியா நிக்குது. அதுக்கு முன்னாடி வரவேண்டிய கொம்பு, துணைக்காலோட சேர்ந்து பின்னாடி தொங்குது.

காரணம் இதுதான். ‘தேனி’ன்னு எழுதுறப்போ நம்ம கை முதல்ல இரட்டைக்கொம்பைப் போடும், அப்புறம் ‘த’. கம்ப்யூட்டர் அதைத் தலைகீழா சேமிக்குது. யூனிகோடுல முதல்ல ‘த’, அதுக்கு அப்புறம்தான் கொம்பு. உச்சரிக்கிற வரிசை அது. திரையில காட்டுறப்போ கொம்பை இழுத்து முன்னாடி வைக்க ஒருத்தர் வேணும். அந்த வேலையைச் செய்யறது ஹார்ஃப்பஸ் என்கிற நூலகம். பாரசீகத்துல அந்தப் பேருக்குத் திறந்த எழுத்துன்னு அர்த்தம். அதுக்கு மேல உட்கார்ந்து வரி வரியா அடுக்கித் தர்றது பாங்கோ. ‘பான்’ கிரேக்கத்துல எல்லாம். ‘கோ’ ஜப்பானியத்துல மொழி. ரெண்டையும் சேர்த்தா, எல்லா மொழியும்.

டிடபிள்யூஎம் தன்னோட பட்டையை வரைய பாங்கோவைக் கூப்பிடுறது இல்லை. எக்ஸ்எஃப்டி என்கிற சின்ன நூலகம் போதும்னு நிறுத்திக்கிட்டாங்க. அது சேமிச்ச வரிசையிலேயே எழுத்தை வரிசையா வெச்சிட்டுப் போயிடும். ஆங்கிலத்துக்கு அது போதும், ஜெர்மனுக்கும் போதும். தமிழுக்குப் போதாது. அதே கூட்டத்தோட டிமெனு என்கிற மெனுவும் எஸ்டி டெர்மினலும் இப்படித்தான். பிரவுசருக்குள்ளயும் பிடிஎஃப்-க்குள்ளயும் தமிழ் சரியா இருக்கே, அதுக்குக் காரணம் அந்தந்த ஆப்ஸ் தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுவருது.

நம்ம ஊர்ப் பேர்களையே வெச்சுச் சோதிக்கலாம். ‘கம்பம்’ பெரும்பாலும் தப்பிச்சிடும், ஏன்னா அதுல புள்ளி மட்டும்தான். ‘தேனி’ உடையும். ‘பெரியகுளம்’ முதல் எழுத்துலேயே உடையும். ‘போடி’ல கொம்பும் காலும் ‘ப’-வோட ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நிக்கணும். ரெண்டும் ஒன்னா வலது பக்கம் போய் நிக்கும். ‘உத்தமபாளையம்’ நடுவுல ‘ளை’யில மாட்டும். ‘சின்னமனூர்’ல ‘னூ’ ஒட்டாது. ஒரே ஒரு பள்ளத்தாக்குல இத்தனை ஊர்.

மினிமலிசம்னா தேவையில்லாததை நீக்குறதுன்னு சொல்றாங்க. சரி. யாருக்குத் தேவையில்லாதது? ஆங்கிலம் மட்டும் டைப் பண்றவருக்கு ‘எல்லா மொழியும்’ என்கிற நூலகம் ஒரு சுமை. நமக்கு அது தாய்மொழி. இன்னொருத்தர் குறைச்சு வெச்ச பட்டியலை அப்படியே காப்பி பண்ணா, அவர் நீக்கினதுல நாமளும் சேர்ந்து நீங்கிடுவோம்.

சரி, எப்படி அமைக்கிறது?

டிடபிள்யூஎம்-தான் வேணும்னா பாங்கோ பேட்ச் ஒன்னு இருக்கு. சோர்ஸ்ல சேர்த்து கம்பைல் பண்ணலாம். ஆனா முதல் தடவை வர்றவங்களுக்கு நான் ஐ3-தான் சொல்லுவேன். பட்டையும் ஜன்னல் தலைப்பும் பாங்கோ வழியா வரைய அதுக்குத் தெரியும்.

டெபியனோட சின்ன நெட்இன்ஸ்ட் இமேஜை எடுங்க. இன்ஸ்டால் நடுவுல எந்த டெஸ்க்டாப் வேணும்னு கேக்கும், எதையும் டிக் பண்ணாதீங்க. அப்புறம் எக்ஸ்-ஆர்க், ஐ3, ரோஃபி, டன்ஸ்ட், லோகித் தமிழ் எழுத்துரு, இவ்வளவு மட்டும் போடுங்க. டிமெனுவுக்குப் பதில் ரோஃபி, நோட்டிஃபிகேஷனுக்கு டன்ஸ்ட். ரெண்டுமே பாங்கோ குடும்பம், தமிழ் உடையாது.

ஐ3 முதல் தடவை வர்றப்போ கான்ஃபிக் ஃபைல் உருவாக்கவான்னு கேக்கும். ஆமான்னு சொல்லுங்க. முக்கிய விசையா விண்டோஸ் கீயை வைங்க. அதோட எண்டர் சேர்த்தா டெர்மினல், டி சேர்த்தா மெனு, எண்ணைச் சேர்த்தா அந்த எண்ணுள்ள வொர்க்ஸ்பேஸ். வி அழுத்திட்டு ஜன்னல் திறந்தா கீழே வரப்பு விழும், ஹெச் அழுத்தினா பக்கத்துல. இந்த ஐந்தையும் ஒரு வாரம் பழகுங்க, மத்தது தானா வரும்.

அதே ஃபைல்ல ஃபாண்ட் வரியைத் தேடி, ‘பாங்கோ’ன்னு இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல உங்களுக்குப் பிடிச்ச தமிழ் எழுத்துருவைப் போடுங்க. வொர்க்ஸ்பேஸ் பேரையும் தமிழ்லயே வெச்சுக்கலாம். 1 பாடம், 2 குறிப்பு, 3 பிரவுசர். தங்கச்சி இப்போ அப்படித்தான் வெச்சிருக்கா.

அடுத்தது டைப்பிங். விசைப்பலகை அமைப்பை மட்டும் தமிழ்99-க்கு மாத்தினா போதாது. ‘க’வை ரெண்டு தடவை தட்டினா ‘க்க’ன்னு தானே புள்ளி வெச்சுக் கொடுக்கிறதுதான் தமிழ்99-ஓட சுகம். முன்னாடி என்ன எழுத்து வந்துச்சுன்னு ஞாபகம் வெச்சிருந்தாத்தான் அது முடியும். சாதாரண எக்ஸ்கேபி அமைப்புக்கு அந்த ஞாபகம் கிடையாது. அதனால எஃப்சிடிஎக்ஸ்5, அதோட எம்17என் பொதியைப் போடுங்க. அதுல தமிழ்99-ம் இருக்கு, ‘அம்மா’வை ஆங்கில எழுத்துல தட்டுறவங்களுக்கு ஒலிமுறையும் இருக்கு.

இதுல ரெண்டு இடம் கவனிக்கணும். ஒன்னு, க்னோம் இருந்தா உள்ளீட்டு முறையை அதுவே இணைச்சு வெச்சிடும். நீங்களே எக்ஸ்-இனிட் ஃபைல் எழுதி ஆரம்பிச்சா, ஜிடிகே-வுக்கு ஒன்னு, க்யூடி-க்கு ஒன்னு, எக்ஸ்-மாடிஃபையர்ஸ்னு ஒன்னு, இந்த மூணு சூழல் மாறிகளையும் ஐ3-யைக் கூப்பிடுறதுக்கு முந்தின வரிகள்லயே எழுதணும். இல்லைன்னா ஒரு ஆப்ல தமிழ் வரும், இன்னொன்னுல வராது. ரெண்டு, ஐபஸ் பயன்படுத்துறவங்களுக்கு மொழி மாத்துற விசை விண்டோஸ் கீயும் ஸ்பேஸும். ஐ3-லயும் அதே ரெண்டுக்கு வேற வேலை இருக்கு. மோதும், ஒன்னை மாத்தணும். எஃப்சிடிஎக்ஸ் கண்ட்ரோலும் ஸ்பேஸும் கேக்கிறதால அங்க சண்டை இல்லை.

இன்னொன்னு, பேட்டரி. முழு டெஸ்க்டாப் இருந்தா சார்ஜ் குறையுதுன்னு அதுவே கத்தும். இங்க யாரும் கத்த மாட்டாங்க. பத்துப் பன்னெண்டு வருஷப் பேட்டரி, கரண்ட் போனா கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஐ3-ஸ்டேட்டஸ்ல பேட்டரி வரியை எடுத்துடாதீங்க. நேரம் குறைஞ்சா அது சிவப்பாகும்.

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்

விண்டோ மேனேஜர் ரேமை மிச்சம் பண்ணும், மாயம் பண்ணாது. டெஸ்க்டாப் தின்ன ரேம் மிச்சமாகும், அவ்வளவுதான். பிரவுசர் தின்னுறது அப்படியே இருக்கும். 2 ஜிபில பத்து டேப் திறந்தா எந்த விண்டோ மேனேஜரும் காப்பாத்தாது. பாடம் பிடிஎஃப்-ல, குறிப்பு எடிட்டர்ல, பிரவுசர் தேவைப்படுறப்போ மட்டும், இப்படிப் பிரிச்சா வண்டி ஓடும். கையில கொஞ்சம் காசு இருந்தா அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு சின்ன எஸ்எஸ்டி போடுங்க. வேகத்துல பெரிய வித்தியாசம் அதுலதான் தெரியும்.

அப்புறம், டெர்மினலுக்குள்ள தமிழ் இன்னும் தகராறுதான். பெரும்பாலான டெர்மினல் ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம்னு அளந்து வெச்சிருக்கு. ‘பொ’வும் ‘ளை’யும் அந்தக் கட்டத்துக்குள்ள அடங்காது. ஐ3-க்கு மாறினாலும் இது தீராது. தமிழ்ல எழுதுறதை ஜிடிகே இல்லைன்னா க்யூடி எடிட்டர்ல எழுதுங்க, டெர்மினலைக் கட்டளைக்கு வைங்க.

கடைசியா உங்களுக்கு ஒரு சின்ன வேலை. நீங்க எந்த விண்டோ மேனேஜர் வெச்சிருந்தாலும் சரி, ஒரு ஃபைலைத் திறந்து உங்க ஊர்ப் பேரை வெச்சு சேவ் பண்ணுங்க. மேல பட்டையில எப்படித் தெரியுதுன்னு பாருங்க. உடைஞ்சிருந்தா அந்த ஸ்க்ரீன்ஷாட்டோட, அந்த மென்பொருளோட இஷ்யூ பக்கத்துல ஒரு ரிப்போர்ட் போடுங்க. எழுத்து எப்படி வரணும், எப்படி வருது, ரெண்டையும் காட்டுங்க. அதை எழுதினவருக்குத் தமிழ் தெரியாது. அவர் திரையில அந்த உடைசல் ஒரு நாளும் தெரியப் போறது இல்லை. நாம சொன்னாத்தான் தெரியும்.