விரலில் தடவிய மை
(அருப்புக்கோட்டைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரலாறு என்றதும் நம் நினைவில் எழுவது என்ன? முடிதரித்த வேந்தர், கொடிபறந்த கோட்டை, யானை கட்டிய வாயில்! குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தாகம் தணித்தவனுக்கு வரலாறு உண்டா? கம்பும் சோளமும் விதைத்துவிட்டு, கார்மேகம் வருமா என்று கண்பூத்துக் கிடந்தவனுக்கு வரலாறு உண்டா? உண்டு என்கிறேன். சர்க்கார் முத்திரையோடு, ஆணை எண்ணோடு, நாள் குறித்து எழுதப்பட்டே இருக்கிறது என்கிறேன். எங்கே? சென்னை எழும்பூரில், ஆவணக் காப்பகத்தின் செந்நிறக் கட்டடத்திலே! எந்தத் தலைப்பின் கீழ்? குற்றப் பரம்பரை என்ற தலைப்பின் கீழ்!

1871ஆம் ஆண்டில் வெள்ளை அரசு ஒரு சட்டம் செய்தது. வடபுலத்தில் முளைத்த அந்த நச்சுச் செடி, 1911இல் புதுச் சட்டமாகி, சென்னை மாகாணத்திலும் படர்ந்தது. 1924இல் மீண்டும் ஒரு சட்டமாகத் தொகுக்கப்பட்டது. குற்றம் புரிந்தவனைத் தண்டிப்பது உலக நீதி. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்து, இது நாளைய திருடன் என்று இன்றே முத்திரை குத்துவது எந்த நாட்டு நீதி?

அந்தச் சட்டம் நடந்த முறையைக் கேளுங்கள். முதலில் அரசிதழில் ஓர் அறிவிப்பு: இன்ன கூட்டத்தார் குற்றப் பரம்பரையினர் என்று. அந்த அறிவிப்புச் செல்லுமா என்று கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் உரிமை இல்லை என்று சட்டமே பூட்டுப் போட்டது. அடுத்து ஒரு பதிவேடு. பெயர் எழுதினார்கள், விரலில் மை தடவினார்கள், ரேகை பதித்தார்கள். ஆகவேதான் நம் மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். பெயர் ஏறியவன் குறித்த வேளையில் ஆஜர் கொடுக்க வேண்டும். பல ஊர்களில் இரவெல்லாம் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுத்துக் கிடக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். மகளின் பேறுகாலத்துக்குப் போனாலும் சீட்டு! மாமனின் சாவுக்குப் போனாலும் சீட்டு! மணமான புது மாப்பிள்ளை மனைவியோடு வீட்டில் உறங்க வழியில்லை. கொலைகாரனுக்கும் இல்லாத கொடுமை, கொஞ்சமும் குற்றமறியாதவனுக்கு!

நம் மக்கள் தலைகுனிந்தா ஏற்றார்கள்? 1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை பதிக்க மறுத்து நின்றார்கள். துப்பாக்கி பேசியது. மாயக்காள் என்னும் மாதரசியும் உயிர் கொடுத்தாள். மக்கள் அன்போடு ரோசாப்பூ துரை என்றழைத்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப், அவர்களுக்காக வாதாடினார். 1929இல் நம் இராமநாதபுரச் சீமையில், அப்பநாட்டு மறவர் ஊர்கள் மீது அந்தச் சட்டம் பாய்ந்தது. ஊர் ஊராகச் சென்று எதிர்ப்பைத் திரட்டினார் முத்துராமலிங்கத் தேவர். 1934இல் அபிராமத்தில் மாநாடு கூடியது. 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. 1952 ஆகஸ்ட் 31இல் இந்தியா முழுவதும் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்தது, சந்தேகம் ஒழிந்ததா? 1948இலேயே பழங்குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று இன்னொன்று வந்துவிட்டது!

இந்த இடத்தில் ஒன்றைத் திருத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியல் ஒரு சாதியின் பட்டியல் அன்று. பிறமலைக் கள்ளரும் அதில் உண்டு. அப்பநாட்டுக் கொண்டையங்கோட்டை மறவரும் உண்டு. வலையரும் தொட்டிய நாயக்கரும் உண்டு. உப்பும் தானியமும் சுமந்து ஊர் ஊராய்ப் போன குறவரும் உண்டு. தனித்தனித் தெருவில் வாழ்ந்து, தண்ணீர்த் துறைக்கும் எல்லை வகுத்துச் சண்டையிட்ட நம்மை, வெள்ளைக்காரன் ஒரே மைக்கூட்டில் தோய்த்தெடுத்தான். ஒரே மை பட்ட விரல்கள் இன்று ஒன்றையொன்று சுட்டிப் பழிக்கலாமா? எண்ணிப் பாருங்கள்!

"பழைய கறையை ஏனய்யா கிளறுகிறாய்? பாட்டன் பட்ட அவமானம் மண்ணோடு போகட்டுமே" என்று கேட்கும் நல்லவர்கள் உண்டு. அவர்களை ஆஸ்திரேலியக் கண்டத்துக்கு அழைக்கிறேன். அம்மண்ணின் மூத்த குடிகளை மேய்ப்பதற்கு, நியூ சவுத் வேல்சில் 1883இல் ஒரு வாரியம் அமைத்தார்கள். வாரியத்தின் பெயர் பாதுகாப்பு. வாரியத்தின் வேலை தாயின் மடியிலிருந்து பிள்ளையைப் பறிப்பது! தொலைவிலுள்ள கதை என்று எண்ண வேண்டாம். நம் நாட்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்திலும், 6 வயதுக்கு மேல் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அரசின் பள்ளிகளில் அடைக்க இடம் வைத்திருந்தார்கள். கடல் வேறு, கண்டம் வேறு. கயவர் எழுதிய வாசகம் ஒன்று!

அங்கே பறிக்கப்பட்ட பிள்ளைகள் வளர்ந்தார்கள். என் தாய் யார், எந்த ஊர், எந்த மொழி என்று தேடினார்கள். எங்கே கிடைத்தது விடை? பறித்தவனின் அலுவலகக் கோப்பிலே! 1980இல் லிங்க்-அப் என்ற அமைப்பைக் கண்டு, கோப்பைப் புரட்டிக் குடும்பங்களை ஒன்று சேர்த்தார்கள். 1997இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, அந்த ஏடுகளை அழிக்கக் கூடாது, உரியவர்கள் பார்க்க வழி வேண்டும் என்றது. 2008 பிப்ரவரி 13ஆம் நாள், பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். ஏடு பேசியது, ஆட்சி தலைகுனிந்தது!

நாமும் ஏட்டைத் தேட வேண்டும். எப்படித் தேடுவது? திருச்சுழிக்காரன் விருதுநகர் மாவட்டம் என்று கேட்டால் வெறுங்கையோடு திரும்புவான். அம்மாவட்டம் பிறந்ததே 1985இல். அதற்கு முன் 1910 வரை இராமநாதபுரம் மாவட்டம் என்று தேட வேண்டும். அதற்கும் முந்தியதை மதுரை மாவட்டம் என்று தேட வேண்டும். ஆங்கிலேயன் நாவில் புரண்டு உருமாறிய ஊர்ப்பெயரை எல்லா எழுத்திலும் எழுதிப் பார்க்க வேண்டும். முதலில் அரசிதழ் அறிவிப்பின் நாளைப் பிடியுங்கள். அந்த நாளைக் கொண்டு அரசாணையைப் பிடியுங்கள். அரசாணையோடு கோத்திருக்கும் கடிதங்களையும் மனுக்களையும் படியுங்கள். பழைய ஏட்டைக் கேட்கும் உரிமைக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும் துணை நிற்கிறது.

படிக்கும்போது ஒன்றை மறவாதீர்கள். நான் நாடகம் எழுதுகிறவன். அந்தக் கோப்பும் ஒரு நாடகம்தான். போலீஸ் அதிகாரிக்குப் பக்கம் பக்கமாக வசனம், கலெக்டருக்கு வசனம், நம் பாட்டனுக்கோ ஒரு வரி இல்லை. அவன் மேடைக்கு வருவது கட்டைவிரலோடு மட்டும்! ஆகவே எழுதியிருப்பதை வேதமாகக் கொள்ளாதீர்கள்; எதிர்த்தரப்புச் சாட்சியாகக் கொண்டு குறுக்கு விசாரணை செய்யுங்கள். வழக்கமாகத் திருடுகிறவர்கள் என்று எழுதியிருந்தால், எத்தனை வழக்கு, எத்தனை தீர்ப்பு என்று கேளுங்கள். பஞ்சம் வந்த ஆண்டு எது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏட்டில் வாராத வசனத்தை, ஊரில் உயிரோடிருக்கும் முதியோர் வாயிலிருந்து இன்றே எழுதிக் கொள்ளுங்கள். பக்கத்து வீட்டான் பாட்டன் பெயர் கிடைத்தால், அதனை மேடையேற்றிப் பழிக்காமல் அவன் கையில் கொடுங்கள்.

இது பழம்பெருமை பேசும் பொழுதுபோக்கன்று. சோற்றுக்கும் கல்விக்கும் உரிய வழக்கு. 1979இல் ஓர் ஆணை, சீர்மரபுப் பழங்குடியினர் என்ற பெயரைச் சீர்மரபு வகுப்பினர் என்று மாற்றியது. ஒரு சொல் மாறியதால், பிள்ளைகளின் சான்றிதழ் மாறியது. மைய அரசின் வாயிலில் அந்தச் சான்றிதழ் செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. நெடும் போராட்டத்துக்குப் பிறகு, 2019இல் மைய அரசின் நலன்களுக்குப் பழைய பெயரையே வழங்க ஆணை பிறந்தது. ஒரு சொல்லை மீட்க நாற்பதாண்டு! ஏடறிந்தவன் நம்மிடையே ஊருக்கு ஒருவன் இருந்திருந்தால் அந்த வழக்கு அத்தனை நீண்டிருக்குமா?

மதுரை மாநகரில் அன்று ஒரு வழக்கு நடந்தது. கோவலனைக் கள்வன் என்றான் பொற்கொல்லன்; ஆராயாமல் ஆணையிட்டான் அரசன். கண்ணகி கண்ணீரோடு மட்டுமா வந்தாள்? கையில் சிலம்போடு வந்தாள்! அரண்மனையில் இருந்த சிலம்பையே வரவழைத்து உடைத்தாள். தெறித்த மாணிக்கம் தீர்ப்பை மாற்றியது. குறித்துக் கொள்ளுங்கள்: அவள் வழக்கை வென்ற சான்று, அரண்மனையின் காவலில் இருந்த பொருள்!

நம் சிலம்பும் அரண்மனைக் காவலில்தான் இருக்கிறது தோழர்களே! கறையானும் காலமும் தின்று தீர்க்குமுன், கிளைக்கு இருவர் புறப்படுங்கள். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன், ஊர்க்கதை அறிந்த பெரியவர் ஒருவர். படித்ததைப் படியெடுத்து வந்து படிப்பகத்தில் வையுங்கள். பாட்டன் விரலில் பகைவன் தடவிய மை அது; பேரன் பேனாவில் அது நியாயம் எழுதட்டும்!