முதல் தூண்டில்: 4000 ரூபாய்க்கு எதை வாங்குறது?

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு கேள்வியை வெச்சுத்தான். வேளச்சேரியில இருந்து ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். முதல் வேலை, முதல் சம்பளம். அப்பா அம்பாசமுத்திரத்துக்காரர். தாமிரபரணியில மூங்கில் கழியும் மண்புழுவுமா வளர்ந்தவர். ரிட்டயர் ஆகி மகனோட ஃபிளாட்டுக்கு வந்த பிறகு பேச்சு குறைஞ்சுபோச்சாம். அவரை ஞாயிற்றுக்கிழமை காலையில முட்டுக்காடு பக்கம் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. கையில 4000 ரூபாய் இருக்கு. "ஆன்லைன்ல ராடு, ரீலு, முள்ளு எல்லாம் சேர்ந்த செட் 1200க்கு வருது, ரெண்டு வாங்கிடவா அண்ணா?"ன்னு கேட்டிருந்தார்.

வேண்டாம் தம்பி. ஒண்ணே ஒண்ணு வாங்குங்க, நல்லதா வாங்குங்க.

அந்த வாய்ஸ் நோட்ல பின்னாடி அப்பா குரலும் கேட்குது. "மூங்கிலும் தங்கூசும் போதாதாடா, எதுக்கு இவ்வளவு காசு?" இந்தக் கேள்வியைச் சிரிச்சுட்டுத் தள்ளிடக் கூடாது. குளத்தங்கரையில ஜிலேபி கெண்டை பிடிக்க மூங்கில் கழியே போதும். மீன் காலடியிலேயே இருக்கு. ரீல் நமக்கு ரெண்டு விஷயம்தான் தருது. ஒண்ணு தூரம்: இரையை 30, 40 மீட்டர் தள்ளிப் போட முடியும். இன்னொண்ணு டிராக்: பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துபோகாம, கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொடுக்கும். முகத்துவாரத்துல, கொடுவா வர்ற தண்ணியில, இந்த ரெண்டும் வேணும். அதனால ஒரு ராடு-ரீல், கூடவே அப்பாவுக்கு ஒரு கைத்தூண்டில். முதல் மீனை அவர்தான் தூக்குவார்னு நான் பந்தயம் கட்டுறேன்.

அந்த 1200 ரூபாய் செட்டுல என்ன பிரச்சினை? பெரும்பாலும் அது குடை மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடங்குற டெலஸ்கோப்பிக் ராடு. பைக்குள்ள அடங்கும், பார்க்க அழகா இருக்கும். ஆனா கடற்கரை மணல் அந்த இணைப்புகளுக்குள்ள போயிட்டா அடுத்த தடவை திறக்காது, இல்லன்னா மூடாது. வளையங்கள் வெறும் பசையில ஒட்டியிருக்கும். ரீல் மேல "13+1 பேரிங்"னு தங்க எழுத்துல போட்டிருக்கும். பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து ரீல் வாங்குறது, பட்டன் எத்தனைன்னு எண்ணிச் சட்டை வாங்குற மாதிரி. நல்லா செஞ்ச மூணு பேரிங், மட்டமான பதிமூணை விட வழுவழுன்னு சுத்தும். இந்த செட்டை வாங்குறவங்க நிறைய பேர் மூணாவது வாரம் "எனக்கு மீன் பிடிக்க வரல"ன்னு விட்டுடறாங்க. அவங்களுக்கு வரும். கையில இருந்த சாமான்தான் சரியில்ல.

சரி, காசை எப்படிப் பிரிக்கிறது? நானா இருந்தா இப்படித்தான் பிரிப்பேன். ரீலுக்கு 1800, ராடுக்கு 1200, நரம்புக்கு 400, முள், ஈயம், ஸ்விவல், அப்பாவோட கைத்தூண்டில் எல்லாம் சேர்த்து 250, ஒரு கட்டிங் பிளேயருக்கு 150. மிச்சம் 200 இரைக்கும் டீக்கும். கடைக்குக் கடை விலை மாறும், ஆனா இந்த விகிதத்தை மாத்தாதீங்க. ராடை விட ரீலுக்கு ஏன் அதிகம்? ராடுல அசையுற பாகமே கிடையாது. ரீல்ல பல்சக்கரம், ஸ்பிரிங், வாஷர் எல்லாம் இருக்கு, அதுக்கு மேல உப்புக் காத்து வேற. காசை மிச்சம் பிடிச்சா அது முதல்ல தெரியுறது ரீல்லதான்.

ரீல் ஸ்பின்னிங் ரீலா இருக்கட்டும். யூடியூப்ல பெரிய ஆளுங்க வெச்சிருக்கிற பெய்ட்காஸ்டர் இப்போ வேண்டாம். கட்டைவிரல் பழக்கம் இல்லாம வீசினா நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கும், காலை முழுக்க அதைப் பிரிக்கிறதே வேலையாப் போயிடும். சைஸ் 3000, இல்லன்னா 4000. அதுக்கு மேல போனா கை வலிக்கும். ஷிமானோ, டைவா மாதிரி கம்பெனிகளோட ஆரம்பநிலை மாடல் ஏதாவது உங்க தொகைக்குள்ள வருதான்னு முதல்ல பாருங்க. உங்க கியர் சைக்கிள்ல இருக்கிற அதே ஷிமானோதான். 1921ல ஜப்பானோட சகாய் நகரத்துல சைக்கிள் ஃப்ரீவீல் செய்ய ஆரம்பிச்சவங்க, மீன்பிடி ரீலுக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் வந்தாங்க. பல்சக்கரம் வெட்டத் தெரிஞ்சவன் ரீலும் செய்வான்.

கடையில ரீலைக் கையில வாங்கினதும் வேகமாச் சுத்திப் பார்க்காதீங்க. வேகமாச் சுத்தினா எல்லா ரீலும் நல்லாத்தான் இருக்கும். ஒரு விரலால மெதுவா, ரொம்ப மெதுவாச் சுத்துங்க. கரகரன்னு எங்கேயாவது தட்டுதா? கைப்பிடியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க, லொடலொடன்னா வெச்சுடுங்க. நரம்பு வந்து திரும்புற இடத்துல ஒரு குட்டி உருளை இருக்கும், அது சுத்துதான்னு பாருங்க. சுத்தலன்னா நரம்பு முறுக்கிக்கிட்டே போகும். கடைசியா டிராக். குமிழைக் கொஞ்சம் இறுக்கி, ஸ்பூலைக் கையால இழுங்க. ஒரே சீரா வரணும். நின்னு நின்னு வெடுக்குனு வந்தா, மீனும் அந்த வெடுக்குலதான் அறுத்துட்டுப் போகும்.

டிராகை எவ்வளவு இறுக்குறது? நரம்பு தாங்குற எடையில மூணுல ஒரு பங்கு. 10 பவுண்டு நரம்புன்னா ஏறத்தாழ நாலரை கிலோ, அதுல மூணுல ஒரு பங்கு ஒன்றரை கிலோ. தராசெல்லாம் வேண்டாம். ஒன்றரை லிட்டர் தண்ணி பாட்டிலை நிரப்பி நரம்புல கட்டி, ரீலைக் கையில பிடிச்சுத் தூக்குங்க. பாட்டில் தரையை விட்டு எழும்பி, மெதுவா நரம்பு நழுவணும். அவ்வளவுதான்.

ராடுக்கு வருவோம். ரெண்டு துண்டா வர்றது, 7 அடி. ஃபைபர் கிளாஸ் போதும். கார்பன் லேசா இருக்கும், இரை மேல மீன் வாய் வைக்கிறது விரல்லயே தெரியும், அதெல்லாம் உண்மைதான். ஆனா குறைஞ்ச விலை கார்பன் ராடு பாறையில ஒரு தட்டு தட்டினா விரிசல் விடும். ஃபைபர் கிளாஸ் பஸ் கூட்டத்துலயும் பிழைக்கும். ராடு மேல எத்தனை கிராம் வரைக்கும் வீசலாம்னு போட்டிருக்கும். 10 முதல் 30 கிராம்னு இருந்தா முகத்துவாரத்துக்குச் சரி. ஒரு கொத்துப் பஞ்சு எடுத்துட்டுப் போய் ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் தேய்ச்சுப் பாருங்க. பஞ்சு மாட்டுற இடத்துல நரம்பும் அறுபடும். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். ரீலை மாட்டி ஆட்டிப் பாருங்க. அப்புறம் துப்பாக்கி குறி பார்க்குற மாதிரி கண் பக்கத்துல வெச்சு, வளையமெல்லாம் ஒரே கோட்டுல இருக்கான்னு பாருங்க.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துறேன், இது விளையாட்டு இல்ல. நம்ம லோக்கல் டிரெயின் மேல போற கம்பியில 25,000 வோல்ட் ஓடுது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஈரமா இருந்தா, உப்புத் தண்ணி பட்டிருந்தா ஃபைபர் கிளாஸையும் நம்ப முடியாது. ராடைத் தண்ணிகிட்ட போய்த்தான் ஜோடிக்கணும், கிளம்பும் முன்னாடி கழட்டிப் பையில போட்டுடணும். பிளாட்ஃபார்ம்ல நீட்டிப் பிடிச்சு செல்ஃபி வேண்டாம். வீசுறதுக்கு முன்னாடி ஒரு தடவை தலைக்கு மேல பாருங்க, எங்கேயாவது மின்கம்பி போகுதான்னு. இடி சத்தம் கேட்டா மூட்டை கட்டிடுங்க.

நரம்பு: சாதாரண மோனோ, அப்பா சொல்ற தங்கூஸேதான். 10 அல்லது 12 பவுண்டு. பிரெய்டு நரம்பு மெல்லிசு, தூரமாப் போகும், ஆனா விலை ஜாஸ்தி, கையை வெட்டும், முடிச்சு நழுவும். மோனோ கொஞ்சம் நீளும், அந்த நீட்சி புதுக் கைக்கு நல்லது. கடை வாசல்ல வெயில்ல தொங்குற உருண்டை மட்டும் வேண்டாம், வெயில் நைலானை மெல்ல மெல்லக் கொல்லும். ஸ்பூல்ல விளிம்புக்கு 2, 3 மில்லிமீட்டர் கீழ வரைக்கும் சுத்துங்க. ததும்பச் சுத்தினா சுருள் சுருளா கொட்டும்.

முள், ஈயமெல்லாம் காசிமேடு மாதிரி மீனவர்கள் இருக்கிற இடத்துக் கடைகள்ல வாங்குங்க. மலிவு, கூடவே அங்க இப்போ என்ன மீன் அடிக்குதுன்னு இலவசமாச் சொல்வாங்க. இரை இறால் போதும். பளபள ரப்பர் மீன்களுக்கு இப்போ காசு போடாதீங்க. கிழங்கானுக்குச் சின்ன முள், சின்னத் துண்டு. கெளுத்தி மாட்டினா கையால பிடிக்கவே கூடாது. துடுப்புல இருக்கிற முள் குத்தினா உயிர் போற வலி. அந்த 150 ரூபாய் பிளேயர் அதுக்குத்தான். ஏரி, குளத்துக்குப் போறதா இருந்தா ஊர்ல கேட்டுட்டு வீசுங்க. பல ஏரிகள்ல மீன் பிடிக்கிற உரிமையைக் குத்தகைக்கு விட்டிருப்பாங்க. ஒருத்தர் அதை நம்பிக் காசு போட்டிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அசதியா இருந்தாலும் இதைச் செஞ்சுட்டுத்தான் குளிக்கப் போகணும். டிராகை இறுக்கிட்டு, குழாய்த் தண்ணியை மெல்லத் திறந்து ரீலையும் ராடையும் கழுவுங்க. இறுக்கினாத்தான் உள்ள தண்ணி போகாது. பக்கெட்டுல முக்காதீங்க. துணியால துடைச்சு நிழல்ல காய வெச்சு, அப்புறம் டிராகைத் தளர்த்திடுங்க. உருளைக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிர்ல அது உறைஞ்சு நிக்கும்.

அடுத்த எபிசோடு முடிச்சுகள். அரை மீட்டர் தடிமனான கயிறும் ஒரு சாவி வளையமும் எடுத்து வெச்சுக்கங்க. கேட்டுக்கிட்டே கட்டிப் பார்க்கலாம். அப்பாவையும் பக்கத்துல உட்கார வெச்சுக்கங்க தம்பி, அவருக்கு நாலஞ்சு முடிச்சு தெரிஞ்சிருக்கும்.