கடன் வாங்காத பிறந்தநாள்: நம்ம வீட்டிலேயே ஒரு பனைமர விழா

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணிக் குழுவின் சார்பில் ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று பேசும் இந்தக் கூட்டத்தில் இன்று பிள்ளைகளின் பிறந்தநாளைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சம்பந்தம் இருக்கிறது அக்கா. கடன் விண்ணப்பத்தில் 'குடும்பச் செலவு' என்று எழுதியிருக்கும். விசாரித்தால் சில நேரம் அது பிள்ளையின் பிறந்தநாளாக இருக்கும்.

நம்ம அம்மா காலத்தில் கோயிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் பாயசம், முடிந்தால் ஒரு புதுச்சட்டை. அவ்வளவுதான். இப்போது பந்தல், ஃபிளெக்ஸ், இரண்டடுக்கு கேக், போட்டோ என்று வளர்ந்துவிட்டது. அதற்கும் மேலே இப்போது 'தீம்' என்று ஒன்று. தீம் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அலங்காரம், பலகாரம், விளையாட்டு எல்லாவற்றையும் அதை வைத்தே செய்வது. டவுனில் பட்டாம்பூச்சி, காட்டு விலங்கு, சோட்டா பீம் என்று செய்கிறார்கள். இது தப்பு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் காசு கொடுத்து ஆள் வைத்தால்தான் தீம் என்று நினைக்கிறோமே, அங்கேதான் கடன் வீட்டுக்குள் வருகிறது.

முதலில் ஒரு கணக்கு

குழுவில் 10,000 ரூபாய் கடன் வாங்குகிறோம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. மாதம் 1,000 அசல் கட்டி, குறைந்த பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டால் பத்து மாதத்தில் மொத்த வட்டி 1,100 ரூபாய். அந்த வட்டியும் நம்ம குழுவிலேயே இருக்கும். அதே 10,000 ரூபாயை வெளியே பத்து ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,000 ரூபாய் வட்டிக்கே போகும். பத்து மாதம் கட்டியும் அசல் 10,000 அப்படியே நிற்கும். பிள்ளைக்கு அடுத்த பிறந்தநாள் வந்துவிடும், போன பிறந்தநாள் கடன் போயிருக்காது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தாச்சு. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு அவதிப்படுவதைவிட, கடனே வாங்காமல் இருப்பது நல்லது இல்லையா?

பனைமரமே நம்ம தீம்

நம்ம ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் பனை இல்லாத ஊர் உண்டா? தமிழ்நாட்டின் மாநில மரமே பனைதான். அதையே தீமாக வைப்போம்.

அலங்காரத்துக்குக் குருத்தோலைத் தோரணம், ஓலைக் கிளி, ஓலைக் காற்றாடி. இதெல்லாம் செய்யத் தெரிந்த பாட்டி ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். முதல்நாள் சாயங்காலம் அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, தெருப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வையுங்கள். அலங்காரம் தயாராகிவிடும், பாதி விழாவும் அங்கேயே நடந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: மட்டையின் ஓரத்தில் இருக்கிற கருக்கு ரம்பம் மாதிரி கையை அறுக்கும். வெட்டுகிற வேலை பெரியவங்களுடையது. பிள்ளைகள் கையில் ஓலை மட்டும் கொடுங்கள்.

பலகாரத்துக்கு ஓலைக் கொழுக்கட்டை. கார்த்திகைக்குச் செய்வதுதான். பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல், ஏலக்காய், சுக்கு எல்லாம் பிசைந்து ஓலைக்குள் வைத்துக் கட்டி ஆவியில் வேக வைக்கணும். ஒரு கிலோ மாவு எடுத்தால் இருபது சின்னப் பிள்ளைகளுக்குத் தாராளமாக வரும். குடிக்கக் கருப்பட்டிப் பானகம். கோடையில் பிறந்த பிள்ளை என்றால் நுங்கு, தை மாதம் என்றால் பனங்கிழங்கு. "கேக் வேணும்" என்று பிள்ளை அழுதால் ஒரு சின்ன கேக் வாங்குங்கள், தப்பில்லை.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. வாழை இலையும் ஓலைக் கொட்டானும் இருக்கும்போது அது நமக்கு எதற்கு?

விளையாட்டுக்கு நுங்கு வண்டி. இரண்டு நுங்குக் கூந்தலை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் குச்சியால் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஓலைக் காற்றாடி ஓட்டம் வையுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளை, பனையிலிருந்து கிடைக்கும் பொருளை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். நுங்கு, பதநீர், கருப்பட்டி, பாய், விசிறி, பெட்டி, தும்பு என்று பட்டியல் நீளும். பரிசு எல்லாப் பிள்ளைக்கும் உண்டு.

நேரம் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை போதும். அதற்குமேல் போனால் சின்னது தூங்கிவிடும், இல்லை அழும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

1. வாயு நிரப்பிய பலூன் பக்கத்தில் மெழுகுவர்த்தி, தீக்குச்சி வேண்டாம். நம்ம ஊரில் பலூனுக்கு ஹைட்ரஜன் அடைப்பது உண்டு. அது தீப்பிடிக்கும். நுரை ஸ்பிரேயும் தீப்பட்டால் எரியும்.

2. உடைந்த பலூன் துண்டை உடனே பொறுக்கிவிடுங்கள். குழந்தை வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

3. சின்னக் குழந்தைக்கு முழு நிலக்கடலை, முழு திராட்சை, கெட்டி மிட்டாய் கொடுக்காதீர்கள். நுங்கு வழுக்கிக்கொண்டு போகும், அதனால் சின்னதாக நறுக்கி ஊட்டுங்கள்.

4. கலர் அடிக்கிற மிட்டாய் வேண்டாம். துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்கத் தடை போட்டார்கள்.

இன்னொன்று. பிறந்தநாள் காலையில் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அங்கன்வாடியில் எடை பாருங்கள். ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போட வேண்டிய ஊசிகளைத்தான் பல வீடுகளில் மறந்துவிடுகிறோம்.

யாரைக் கூப்பிடுவது?

இதுதான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பிறந்தநாள் வீட்டுக்கு வராத பிள்ளைகளை நாங்கள் கிராமங்களில் பார்க்கிறோம். "ஏன் போகலை?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, "கொடுக்க ஒண்ணும் இல்லை அக்கா" என்கின்றன. ஐந்து வயதிலேயே அந்தப் பிள்ளைக்கு இது புரிந்துவிடுகிறது. அதனால் கூப்பிடும்போதே சொல்லிவிடுவோம்: "பரிசு வேண்டாம், மொய் வேண்டாம், ஆளுக்கு ஒரு ஓலைக் காற்றாடி செஞ்சு எடுத்துட்டு வாங்க." அப்போது எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு வராது.

பையனுக்குப் பந்தல் போட்டு, பெண்பிள்ளைக்கு நாலணா மிட்டாயோடு முடிக்கிற வீடும் இருக்கிறது. இரண்டும் நாம் பெற்றதுதானே? ஒரே அளவில் செய்யுங்கள். முடியாவிட்டால் இரண்டுக்கும் சின்னதாகவே செய்யுங்கள்.

கணவரை இழந்த சகோதரிகள் நம்ம குழுக்களில் இருக்கிறார்கள். தன் பிள்ளையின் பிறந்தநாளில்கூட ஆரத்தித் தட்டை வேறு ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டுக் கதவோரம் நிற்கிறார்கள். பத்து மாதம் சுமந்தவள் கையைவிட நல்ல கை எது? அவரே விளக்கேற்றட்டும், முதல் வாய் இனிப்பை அவரே ஊட்டட்டும். யாராவது முகம் சுளித்தால் குழுப் பெண்கள் பத்துப் பேரும் பக்கத்தில் போய் நில்லுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

குழுவில் பேச மூன்று விஷயம்

ஒன்று, பிறந்தநாளுக்காக வெளிக்கடன் வாங்குவதில்லை. மாதம் 50 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் வருஷத்தில் 600 ரூபாய். நாம் சொன்ன விழாவின் பெரும்பகுதிச் செலவுக்கு அது ஆகும். இரண்டு, பரிசும் மொய்யும் கிடையாது. மூன்று, எந்தத் தாயையும் எந்தப் பிள்ளையையும் தள்ளி நிறுத்துவதில்லை.

அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, எல்லோருக்கும் சம்மதம் என்றால் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓலை முடையத் தெரிந்தவர்கள் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். முதல் பிறந்தநாள் எந்தக் குழுவில் என்று சொல்லி அனுப்புங்கள். தோரணம் கட்ட நாங்களும் வருகிறோம்.