வலிக்காத கால்

(எங்கள் நாக்பூர் கிளையின் மூத்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. 1970-ல் விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, சர்க்கார் ஆபீசில் 36 வருஷம் ஃபைல் பார்த்தவன். ஆனால் இன்று பேசப்போகும் விஷயத்திற்கு என் வலது காலே சாட்சி. அதில் இப்போது மூன்று விரல்கள்தான்.

நம் சரீரத்தில் செல்கள் சாவது தினசரி சமாச்சாரம். அதில் ஒரு விதம், செல் தானாகவே விடைபெறுவது. கர்ப்பத்தில் சிசுவின் கை முதலில் துடுப்பு மாதிரி இருக்கும். விரல்களுக்கு நடுவே உள்ள செல்கள் உரிய காலத்தில் மடிவதால்தான் ஐந்து விரல்களும் பிரிகின்றன. இதற்கு 'அபாப்டோசிஸ்' என்று பெயர். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நான் படித்த புத்தகத்தில் அது கிடையாது. பெயர் வைத்ததே 1972-ல்தான்! ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில், உண்டாகும் 1090 செல்களில் 131 செல்கள் தவறாமல் இப்படி மடிகின்றன என்று கண்டுபிடித்தார்கள். அந்த வழி ஆராய்ச்சிக்கு பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படி மடிந்த செல்லை மற்ற செல்கள் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். புண்ணோ சீழோ கிடையாது.

மற்றது 'நெக்ரோசிஸ்'. இது துர்மரணம். ரத்தம் வராவிட்டால், சுட்டுவிட்டால், நசுங்கினால், கிருமி தாக்கினால் செல் வீங்கி வெடிக்கும். உள்ளே இருப்பது வெளியே கொட்டி அக்கம்பக்கத்தையும் புண்ணாக்கும். ரத்தம் நின்றால் மூளைச் செல் சில நிமிஷம்தான் தாங்கும். கால் தசை சில மணி நேரம் தாங்கும். ஒரு பாகமே செத்துக் கறுத்துப்போவதைத்தான் கேங்க்ரீன் என்கிறோம்.

என் கதைக்கு வருகிறேன். 2022 சித்திரையில் ஊருக்குப் போயிருந்தோம். உச்சிவேளையில் கோயில் வெளிப்பிராகாரம். கல் சுட்டதில் மாப்பிள்ளையும் பேரனும் துள்ளித் துள்ளி ஓடினார்கள். நான் நிதானமாக நடந்தேன். "பழைய உடம்புடா!" என்று பெருமை வேறு. இருபது வருஷத்துச் சர்க்கரை என் கால் நரம்பை மழுங்க அடித்திருந்தது அப்போது தெரியாது. ராத்திரி என் அகத்துக்காரிதான் கொப்புளத்தைப் பார்த்தாள். டாக்டரிடம் காட்டச் சொன்னாள். வலிக்கவே இல்லையே என்று மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டு பத்து நாள் ஓட்டினேன். பதினோராம் நாள் சுண்டுவிரல் கத்தரிக்காய் நிறம்.

நாக்பூர் திரும்பியதும் டாக்டர் ஊசியால் குத்தி, "வலிக்கிறதா?" என்றார். "இல்லவே இல்லை" என்றேன், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. அவர் முகம் மாறிவிட்டது. "மருந்து ரத்தத்தோடுதான் போகணும் ஸார். அங்கே ரத்தமே போகலையே" என்றார். இரண்டு விரல்களை எடுத்தார்கள். முதல் நாளே வந்திருந்தால் தப்பியிருக்கலாமாம். அந்தப் பத்து நாளை நான் யார் தலையிலும் கட்ட முடியாது.

இப்போது தினமும் படுக்குமுன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். குளிக்கிற வெந்நீரின் சூட்டைக் காலால் பார்ப்பதில்லை, முழங்கையால்தான். கோயிலுக்கு விடியற்காலையில் போகிறேன். சாக்ஸ் போட்டுக்கொண்டு பிரதட்சிணம் பண்ணலாமா என்று சாஸ்திரம் அறிந்த நண்பரைக் கேட்டேன். "வெயிலுக்கு முன்னால் வாருமேன் ஓய்!" என்றார்.

சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொடுவார்கள். தெரிகிறதா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த இழை ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். காபி வருவதற்குள் யார் வேண்டுமானாலும் வந்து காலைக் காட்டலாம்.