ஊர்ப் பணத்துக்கு ஊரறியக் கணக்கு

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தேங்காய் பறிப்பவனும், மட்டை உரிப்பவனும், கொப்பரை உலர்த்துபவனும் நம்மைப் போன்ற உழைப்பாளிகளே. அந்தக் கொப்பரையின் மீது தீர்வை போட்டு, அந்தப் பணத்தை ஒரு ஜனாதிபதியின் கூட்டம் விழுங்கிய கதையை இன்று சொல்லுகிறோம். இது பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்தது.

1965இல் தேர்தலில் வென்று வந்தவர் மார்க்கோஸ். இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே 1972இல் ராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். பார்லிமெண்டு மூடப்பட்டது. பத்திரிகைகள் பூட்டப்பட்டன. வேலைநிறுத்தம் தடை செய்யப்பட்டது. எதிர்த்துப் பேசியவர்கள் சிறைக்குப் போனார்கள். கேள்வி கேட்கும் வாயைக் கட்டியாயிற்று!

மறு வருஷமே, 1973இல், விற்கும் கொப்பரை 100 கிலோவுக்கு 15 பெசோ தீர்வை வந்தது. எண்ணெய், சோப்பு விலை ஏறாமல் காப்பதற்கு என்றார்கள். பிறகு, தென்னை விவசாயிகளின் நன்மைக்கு என்றார்கள். 1982 வரை வசூல் நடந்தது.

பணம் எங்கே போயிற்று? 1975இல் விவசாயிகள் பெயரால் ஒரு பாங்கு வாங்கினார்கள். அதன் தலைமையில் உட்கார்ந்தவர் மார்க்கோசின் நெருங்கிய கூட்டாளியான கோவாங்கோ என்ற பெரும் பணக்காரர். அடுத்து எண்ணெய் ஆலைகளை வாங்கினார்கள். கொப்பரை வாங்குவதும் விலை வைப்பதும் ஒரே கூட்டத்தின் பிடிக்குள் வந்தன. 1983இல் சான் மிகேல் என்ற பீர் கம்பெனியின் பங்குகளையும் வாங்கினார்கள்.

தணிக்கை அதிகாரி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது, தோழர்களே! "இது சர்க்கார் பணமல்ல, விவசாயிகளின் சொந்தப் பணம்" என்று மார்க்கோஸ் உத்தரவு போட்டார். சர்க்கார் பணமல்ல என்றால் சர்க்கார் தணிக்கை இல்லை. சொந்தக்காரன் என்று பெயர் விவசாயிக்கு, சாவி கோவாங்கோவிடம்!

1986இல் ஜனங்கள் லட்சக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். மார்க்கோஸ் ஓடினார், அமெரிக்க விமானத்தில் ஹவாய் போய்ச் சேர்ந்தார். அவரும் மனைவியும் 20 வருஷ உத்தியோகத்தில் சம்பாதித்த சம்பளம் சுமார் 3 லட்சத்து 4 ஆயிரம் டாலர். அவர்கள் ஸ்விஸ் பாங்குகளில் ஒளித்து வைத்திருந்ததில் 65 கோடி டாலருக்கு மேல் சர்க்காருக்குச் சேர வேண்டுமென 2003இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

கொப்பரைப் பணம்? பீர் கம்பெனியின் ஒரு பகுதிப் பங்குகள் தென்னை விவசாயிகளின் நன்மைக்கே உரியவை என்று 2012இல்தான் தீர்ப்பு வந்தது. அதைச் செலவிடச் சட்டம் 2021இல் வந்தது. தீர்வை கட்டியது முதல் 48 வருஷம்! கட்டியவர்களில் எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்டார்கள். 2022இல் மார்க்கோசின் மகனே ஜனாதிபதியானார்.

தோழர்களே! தலைவன் ஓடினால் மட்டும் பணம் திரும்பி வராது. கோர்ட்டு நீதி வழங்குவதற்குள் ஒரு தலைமுறை போய்விடுகிறது. பணம் வசூலாகும் அன்றே கணக்குக் கேட்பதுதான் வழி.

ஆகவே கிராம சபையில் வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். "உங்களுக்காகத்தானே செய்கிறோம்" என்று எவன் சொன்னாலும், "அப்படியானால் கணக்கைக் காட்டு" என்று சொல்லுங்கள். நம் சங்கத்தின் சந்தாக் கணக்கையும் கேளுங்கள், எங்களையும் கேளுங்கள். கேட்பவனைத் துரோகி என்று சொல்லும் ஸ்தாபனம், பெயர் எதுவானாலும், தொழிலாளியின் ஸ்தாபனம் அல்ல.

நம் வியர்வையில் சேர்ந்த பணத்துக்கு நம் முன்னால் கணக்கு! இதை விட்டுக் கொடுக்கமாட்டோம்!