எண் நிலைக்கட்டும், பெயர் மாறட்டும்

ஒரு கணினியில் ஓடும் நிரல், வலையமைப்பில் உள்ள இன்னொரு கணினியிடம் வேலை வாங்கும் முறைகளில் ஒன்று ஆர்பிசி எனப்படும் தொலைநிலைச் செயல்முறை அழைப்பு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வகுத்த வடிவம் 1988இல் ஆர்எஃப்சி 1057 என்ற ஆவணமாக வந்தது. எந்தச் சேவை வேண்டும் என்பதை அதில் நிரல் எண், பதிப்பு எண், செயல்முறை எண் ஆகிய மூன்றுமே சொல்கின்றன. பெயர் அழைப்போடு போவதே இல்லை. கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் சேவைக்கு எண் 100003. எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல், லினக்ஸ் கணினிகளில் ஈடிசி அடைவில் ஆர்பிசி என்ற சிறு கோப்பாக இருக்கிறது. அதில் தேடித் தருபவை சி நூலகத்தின் சில செயற்கூறுகள். கெட்ஆர்பிசிபைநேம் பெயரைக் கொண்டு தேடும். கெட்ஆர்பிசிபைநம்பர் எண்ணைக் கொண்டு தேடும். கெட்ஆர்பிசிஎன்ட் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும். பெயரையும் எண்ணையும் இப்படிப் பிரித்து வைத்ததால்தான் இந்த ஏற்பாடு நீடித்தது என்பது என் வாதம்.

சான்றாக 100000 என்ற எண்ணைப் பாருங்கள். எந்தச் சேவை எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று 111ஆம் போர்ட்டில் இருந்து வழிகாட்டும் சேவை அது. முதலில் அதன் பெயர் போர்ட்மேப்பர். பின்னர் 3, 4 ஆகிய பதிப்புகளோடு விரிந்தபோது ஆர்பிசிபைண்ட் ஆனது. எண் மாறவில்லை, இரு பெயர்களும் பட்டியலில் ஒரே வரியில் நிற்கின்றன. ஒரு வயலை ஊரார் எத்தனை பெயரிட்டு அழைத்தாலும் பத்திரத்தில் சர்வே எண்ணே செல்லும் என்பது போன்றது இது.

எண்தான் முக்கியம் என்றால் அதை நிரலிலேயே எழுதிவிடலாமே, தேடல் எதற்கு என்று கேட்கலாம். சேவையை அழைக்கும் நிரல் அப்படிச் செய்வதே சரி. ஆனால் கணினியைப் பராமரிப்பவர் மனிதர். ஆர்பிசிஇன்ஃபோ என்ற கருவி, ஓடும் சேவைகளை வரிசைப்படுத்தும்போது எண்ணுக்கு அருகே பெயரையும் காட்டுவது அவருக்காகத்தான். பட்டியல் ஒவ்வொரு கணினியிலும் வேறுபடலாமே என்பது இன்னும் கூர்மையான கேள்வி. எண்ணிலிருந்து பெயருக்குப் போகையில் தவறு நேர்ந்தால் திரையில் ஓர் அடையாளம்தான் பிசகும். பெயரிலிருந்து எண்ணுக்குப் போகையில் தவறினால் அழைப்பே வேறு சேவையைத் தேடிப் போகும். ஆகவே இரண்டாவது திசையில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். கிடைத்த விடை நிலையான ஒரே நினைவிடத்தில் இருப்பதால் அடுத்த தேடல் அதை அழித்துவிடும் என்ற குறையும் உண்மையே. பல இழைகளில் ஓடும் நிரல்களுக்காக, அழைப்பவரே இடம் கொடுக்கும் வடிவங்களை ஜிலிப்சி என்ற சி நூலகம் தருகிறது.

இதெல்லாம் பழங்கதை என்பாரும் உண்டு. 2020இல் வந்த ஜிலிப்சி 2.32, புதிய நிரல்களுக்கான சன் ஆர்பிசி வசதியை நீக்கியது. அந்த வேலை டிஐஆர்பிசி என்ற தனி நூலகத்துக்குப் போனது. ஆனால் பெயர் தேடும் செயற்கூறுகள் ஜிலிப்சியிலேயே தங்கின. அழைக்கும் வேலையோடு அவை பின்னிக் கிடக்காததால்தான் ஒன்றை எடுத்து மற்றொன்றை வைக்க முடிந்தது. புதிதாகச் சேவைகளை வடிவமைப்போர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு இது: இயந்திரங்களின் உடன்பாட்டை மாறாத எண்ணில் வையுங்கள், மனிதருக்கான பெயரைத் திருத்தக்கூடிய ஒரே இடத்தில் வையுங்கள்.